லைட் ப்ளூஸ் கிளப்: ஓராண்டு நிகழ்ச்சிகளை எப்படிப் போடுவது?

தேம்ஸ்கரைவாசி கேட்டது:

வணக்கம். எங்கள் ப்ராவின்ஸின் (ஃப்ரீமேசன்களின் வட்டாரப் பிரிவு) லைட் ப்ளூஸ் கிளப்புக்கு வரும் செப்டம்பரிலிருந்து அடுத்த ஜூலை வரை நிகழ்ச்சி நிரல் போட வேண்டும். இது என்ன கிளப் என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரீமேசன்கள் சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரத்துவ அமைப்பினர், அவர்களின் உள்ளூர்ச் சங்கம் லாட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலே கிராண்ட் லாட்ஜ். இங்கிலாந்து ஃப்ரீமேசன்களில் மூன்றாம் டிகிரி (படிநிலை) முடித்த மாஸ்டர் மேசனின் ஏப்ரனுக்கு (சடங்கில் இடுப்பில் கட்டுவது) இளநீல ஓரம். ப்ராவின்ஸ் பதவியோ கிராண்ட் லாட்ஜ் பதவியோ பெற்றவர்களுக்குக் கருநீலம். புதியவர்களின் கிளப்புக்கு அந்த இளநீலமே பெயராகிவிட்டது.

எங்களிடம் 32 பேர், 11 லாட்ஜ்களிலிருந்து. ஒன்பது பேர் இன்னும் என்டர்ட் அப்ரென்டிஸ், அதாவது முதல் டிகிரியில் இருப்பவர்கள். வயது 23 முதல் 58 வரை. சில தமிழ், குஜராத்திக் குடும்பங்களும் உண்டு. இதுவரை மாதம் ஒருமுறை பப்பில் கூடுவதுதான் நிகழ்ச்சி. பதினைந்து பேர் வந்த இடத்தில் இப்போது நாலு பேர்.

எத்தனை நிகழ்ச்சி போடலாம், எந்த மாதிரி? கூட்டமாக வேறொரு லாட்ஜுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பணம் கையைக் கடிக்காமல் எப்படி நடத்துவது?

---

கிழக்குநாற்காலி பதில்:

வருடத்துக்கு ஆறு போதும். ஒரு லாட்ஜ் வருடத்தில் நாலைந்து முறைதான் கூடும் என்றாலும், சடங்கு பழகும் லாட்ஜ் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் மாதாமாதம் ஒரு மாலையைக் கேட்டால் வீட்டில் யாரும் விடமாட்டார்கள். பப் கூட்டம் தேய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே போவதற்கு முன்பே நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ஒரு முறை ஓரமாக நின்று பார்த்துவிட்டு அடுத்த முறை வரமாட்டார்.

முதல் வேலை தேதி. 11 லாட்ஜ்களின் கூட்ட நாட்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். அவை 'ஜனவரி மூன்றாம் வியாழன்' என்கிற மாதிரி அந்தந்த லாட்ஜின் துணைவிதிகளில் இருப்பவை, எனவே ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். ப்ராவின்ஸின் ஆண்டுக்கூட்ட நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் நாட்களில்தான் உங்கள் ஆறும்.

என் கணக்கு: செப்டம்பரில் மாதிரி ஃபெஸ்டிவ் போர்டு (சடங்குக்குப் பிந்தைய விருந்து), நவம்பரிலும் மார்ச்சிலும் லாட்ஜ் விஜயம், ஜனவரியில் ஸ்கிட்டில்ஸ் (கட்டைகளைப் பந்தால் வீழ்த்தும் ஆட்டம்) அல்லது கோ-கார்ட், ஏப்ரலில் லண்டன், ஜூலையில் குடும்பத்தோடு பார்பிக்யூ.

லாட்ஜ் விஜயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அன்று என்ன சடங்கு என்று பார்க்காமல் தேதியை மட்டும் பார்த்துப் போகிறார்கள். இரண்டாம், மூன்றாம் டிகிரிக்கு லாட்ஜைத் திறக்கும்போது என்டர்ட் அப்ரென்டிஸ் வெளியே போயாக வேண்டும். உங்கள் ஒன்பது பேரும் ஒரு மணி நேரம் வராந்தாவில் நிற்பார்கள். இன்ஸ்டலேஷன் இரவு இன்னும் மோசம். புது மாஸ்டரை (லாட்ஜின் தலைவர்) அமர்த்தும் சடங்கு இரண்டாம் டிகிரிக்குப் போய், மூன்றாவதுக்குப் போய், அதன்பின் ஏற்கெனவே மாஸ்டராக இருந்தவர்கள் மட்டும் உள்ளே இருக்கும் பகுதியும் வரும். அப்போது மாஸ்டர் மேசன்களும் வெளியே. அன்றைய சாப்பாட்டுக்கு விலையும் கூடுதல், பேச்சும் நீளம். முதல் விஜயத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

புதியவரைச் சேர்க்கும் இனிஷியேஷன் இரவாகப் பாருங்கள். அது முழுக்க முதல் டிகிரி, எல்லாரும் கடைசிவரை உட்காரலாம். தன் சடங்கன்று பதற்றத்தில் கவனிக்காமல் விட்டதையெல்லாம் ஓரத்திலிருந்து நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு அதுதான். இதைவிட நல்ல 'அவுட்டிங்' என் பார்வையில் வேறில்லை.

போகும் லாட்ஜின் செக்ரட்டரியிடம் இரண்டு மாதம் முன்பே எண்ணிக்கை சொல்லுங்கள். சிறிய லாட்ஜுக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் விருந்தாளிகள்தான் பெரும்பான்மையாக இருப்பார்கள், அது அவர்களுக்குச் சங்கடம். சம்மன்ஸ் (கூட்ட அழைப்பு) வந்ததும் சடங்கின் பெயரைச் சரிபாருங்கள், முந்தின நாள் மறுபடி கேளுங்கள். சேரவேண்டியவருக்குக் காய்ச்சல் வந்தால் நிகழ்ச்சியே மாறிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: கருப்பு அல்லது கருமையான சூட், வெள்ளைச் சட்டை, கருப்பு டை அல்லது கிராஃப்ட் டை (ஃப்ரீமேசன்களுக்கான டை), வெள்ளைக் கையுறை, ஏப்ரன். அப்ரென்டிஸிடம் சொந்த ஏப்ரன் இருக்காது, அது லாட்ஜுடையது. 'வெள்ளை ஏப்ரன் இத்தனை வேண்டும்' என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வாசலில் தேடுவார்கள். மாஸ்டர் மேசன்கள் கிராண்ட் லாட்ஜ் சான்றிதழையும் எடுத்து வரட்டும். அப்ரென்டிஸைத் தனியாக அனுப்பாதீர்கள். அவருடைய லாட்ஜ்காரர் ஒருவர் கூடப்போய், உள்ளே பக்கத்திலேயே உட்காருவதுதான் முறை. அரை மணி முன்பே சேர்ந்தால்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட நேரம் இருக்கும்.

மாதிரி ஃபெஸ்டிவ் போர்டு பற்றியும் சொல்கிறேன். சடங்குக்குப் பிந்தைய சாப்பாட்டு மேசையில் டோஸ்ட்டுகளின் (கோப்பை உயர்த்தி வாழ்த்துவது) வரிசை, மாஸ்டர் 'ஒயின் எடுக்கும்போது' (சிலரைக் குறிப்பிட்டு அவர்களோடு கோப்பை உயர்த்தும்போது) யார் எழ வேண்டும், 'ஃபயர்' எனும் தாளக் கைதட்டல், இவை மூன்றும் புதியவரைக் கலங்கடிக்கும். மாஸ்டர் யாரைக் குறிப்பிட்டாரோ அவர்கள் மட்டும்தான் எழ வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுந்தால் தவறிவிடும். ஒரு மாலை 12 பேர் மேசையில் உட்கார்ந்து, அரசருக்கான டோஸ்ட்டில் தொடங்கி கடைசியான டைலர் டோஸ்ட் வரை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை 'விருந்தினர் சார்பில் பதில்' பேசட்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழைப்புக்கு நன்றி, சடங்கில் மனத்தில் நின்ற ஓர் இடம், சமையலறைக்கு நன்றி, உட்கார்ந்துவிடலாம். இங்கே ஏப்ரன் கட்ட வேண்டாம். கிளப் என்பது லாட்ஜ் அல்ல, அதில் சடங்கு எதுவும் நடத்தக் கூடாது.

---

ஐந்தொகை பதில்:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிக்கெட் விலை போடும்போது வாடகை போன்ற மொத்தச் செலவை, வருவார்கள் என்று நினைக்கும் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், அந்த எண்ணிக்கையில் 70 சதவீதத்தால் வகுங்கள்.

ஸ்கிட்டில்ஸ் இரவையே எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 120 பவுண்டு வாடகை, சாப்பாடு தலைக்கு 14 பவுண்டு என்று வையுங்கள். இருபது பேர் என்று கணக்கிட்டால் டிக்கெட் 20 பவுண்டு. பதினாலு பேர் வந்தால் வரவு 280, செலவு 316, கிளப்புக்கு 36 பவுண்டு நஷ்டம். பதினாலால் வகுத்து முழு எண்ணாக்கினால் டிக்கெட் 23 பவுண்டு. பதினாலு பேர் வந்தாலும் தப்பித்தோம், இருபது பேர் வந்தால் 60 பவுண்டு மிச்சம். அந்த மிச்சத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு வரும் மாணவர்களுக்கோ வேலை இழந்தவருக்கோ பாதி டிக்கெட் கொடுக்கலாம். சேர்ந்த முதல் வருடத்தில் லாட்ஜ் சந்தா, உடுப்பு, சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து விழும், பலர் வெளியே சொல்லாமல் ஒதுங்குவது இதனால்தான்.

'வருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதைப் பதிவாக எடுக்காதீர்கள். வங்கியில் பணம் வந்தால்தான் பெயர். கடைசித் தேதியை, சமையலுக்கு எண்ணிக்கை சொல்லவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே வையுங்கள். லாட்ஜ் சாப்பாட்டுக்கு எண்ணிக்கை கொடுத்த பிறகு வராதவரும் பணம் தரவேண்டும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு அழைத்த லாட்ஜின் தலையில் விழும், அடுத்த வருடம் உங்களை அழைக்கமாட்டார்கள்.

ராஃபிள் நடத்தினால்: 2005 சூதாட்டச் சட்டப்படி, நிகழ்ச்சியோடு சேர்ந்த சிறு குலுக்கலுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் வசூலிலிருந்து செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது, மிச்சத்தில் தனியார் லாபம் இருக்கக் கூடாது. யாருக்குப் போகும் பணம் என்பதை டிக்கெட் விற்கும் முன்பே அறிவியுங்கள். லாட்ஜின் அறப்பணிப் பொறுப்பாளரான சேரிட்டி ஸ்டூவர்டைக் கேட்டால் வழி சொல்வார்.

---

மார்கழிப்பூ பதில்:

தம்பி, நான் பெண்களின் லாட்ஜில் இருக்கிறேன். இங்கே பெண் ஃப்ரீமேசன்கள் 1908 முதல் தனி அமைப்பாக இயங்கிவருகிறோம். ஒருவர் லாட்ஜ் கூட்டத்துக்கு மற்றவர் போக முடியாது, ஆனால் பார்பிக்யூ, நடைப்பயணம், வினாடிவினா இரவு எல்லாவற்றையும் சேர்ந்து நடத்தலாம். உங்கள் பக்கத்திலுள்ள பெண்கள் லாட்ஜிடம் கேட்டுப் பாருங்கோ.

குடும்ப நிகழ்ச்சியை ஜூலை வரை தள்ளாதேங்கோ. மனிசிமாருக்கும் துணைவர்களுக்கும் இது என்ன இடம் என்று தெரியாமல் பத்து மாதம் போனால் சந்தேகம்தான் வளரும். அக்டோபரிலேயே ஒரு ஞாயிறு மத்தியானம் வையுங்கோ, பின்னேரம் நாலு மணிக்கு முடியட்டும், பிள்ளைகளுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம். மேசன் அல்லாதவர்களும் உட்காரும் 'வைட் டேபிள்' என்றால் அந்த ஹாலிலேயே செய்யலாம், அறையையும் சுற்றிக் காட்டலாம்.

சாப்பாட்டை 'வெஜிடேரியன் 5' என்று எழுதிவிட்டு விடாதேங்கோ. இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை வரும். முட்டையும் வேண்டாம் என்றால் தனியாக எழுத வேணும். உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பில் வறுபட்டதா, கிரேவியில் இறைச்சிச் சாறு இருக்கா என்று சமையல்காரரிடம் நேரே கேளுங்கோ. கோழி சாப்பிடுவார், மாடு சாப்பிடமாட்டார் என்பவர்கள் நம் ஆட்களில் கனபேர். ஃபெஸ்டிவ் போர்டில் ரோஸ்ட் பீஃப்தான் அடிக்கடி வருவது, 'பீஃப் வேண்டாம்' என்று தனி நிரல் போட்டால்தான் அவர்கள் பசியோடு திரும்பமாட்டார்கள். டோஸ்ட்டுக்கு மது கட்டாயமில்லை, தண்ணீரோ பழச்சாறோ போதும். இதைப் புதுசாக வாறவருக்கு முதலே சொல்லிவிடுங்கோ.

---

தேம்ஸ்கரைவாசி:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி குடும்ப நிகழ்ச்சியை அக்டோபருக்கே கொண்டுவருகிறேன். லண்டன் பயணம் பற்றியும், படம் எடுத்துப் போடுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

கிழக்குநாற்காலி பதில்:

லண்டனில் கிரேட் க்வீன் ஸ்ட்ரீட் ஹாலுக்கு (கிராண்ட் லாட்ஜின் தலைமையகம்) போகத்தான் வேண்டும். இப்போதிருப்பது 1927 முதல் 1933 வரை கட்டியது, முதல் உலகப்போரில் இறந்த 3,225 மேசன்களின் நினைவுக் கட்டிடம். பெயர்ச்சுருள் வைத்த வெண்கலப் பேழையின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள், அவசரமாகக் கடப்பதற்கான இடம் அல்ல அது. அங்குள்ள பெரிய கூட்ட அறையான கிராண்ட் டெம்பிள் சுமார் 1,700 பேர் உட்காரும் அளவு. அதன் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன், ஆனாலும் கையால் தள்ளினாலே திறக்கும். அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை, மேசன் அல்லாதவர்களும் வரலாம், ஆகவே குடும்பத்தையும் அழைக்கலாம்.

குழுவாகப் போவதை முன்பதிவு செய்யுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் இரண்டாம் புதன்கிழமைகளைத் தவிருங்கள், அன்று கிராண்ட் லாட்ஜின் காலாண்டுக் கூட்டம். ஏப்ரல் கடைசிப் புதனும் வேண்டாம், ஆண்டு இன்வெஸ்டிச்சர் (பதவியளிப்பு விழா). நிலையம் ஹோல்பர்ன் அல்லது கோவென்ட் கார்டன். வயதானவர் இருந்தால் ஹோல்பர்ன்: கோவென்ட் கார்டனில் லிஃப்ட் வரிசை நீண்டால் மிச்சமிருப்பது 193 படிகள்.

ரயிலில் போனால் பேருந்து வாடகையை விடச் செலவு குறையலாம். குரூப்சேவ் டிக்கெட்டில் 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால், கூட்டமில்லாத நேர டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. உங்கள் வழித்தட நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பதினாலு பேரை 9, 5 என்று பிரித்து வாங்குங்கள். ஒவ்வொரு குழுவும் முழுப்பயணமும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒருவர் தாமதித்தால் அந்தக் குழு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தாமதிப்பவர்களை ஐந்து பேர் குழுவில் போடுங்கள்.

படம்: கூட்டம் நடக்கும்போது உள்ளே எடுக்கக் கூடாது. முன்பும் பின்பும் எடுக்கலாம். பொது இடத்தில் ஏப்ரனோடு நிற்பதென்றால் ப்ராவின்ஸின் அனுமதி வேண்டும், எனவே ஹால் வாசல் தெருவில் எடுக்கும் படத்துக்கு ஏப்ரன் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒருவர் தான் மேசன் என்று சொல்வது அவர் விருப்பம், இன்னொருவரைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அலுவலகத்தில் சொல்லாதவர்கள் உங்கள் 32 பேரிலும் இருப்பார்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபின்தான் போடுங்கள், குழுவில் 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா' என்று பொதுவாகக் கேட்டால் தயங்குபவர் வாய் திறக்கமாட்டார்.