பழைய ரயில் பாதையைக் குத்தகைக்கு எடுத்துப் புதுக் கம்பெனி தொடங்குவது பற்றி

வில்லியனூர்வாசி:
என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே பெரிய ரயில்வே ஒன்று கைகழுவ நினைக்கும் கிளைப்பாதையை நாலைந்து பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துப் புதுக் கம்பெனி தொடங்கப் போகிறார்களாம், அவரையும் பணம் போடக் கூப்பிடுகிறார்கள். பாதை கைக்கு வந்தால் மறுநாளே வண்டி ஓட்டலாமா? நம் விழுப்புரம் லைனும் ஒரு காலத்தில் கம்பெனி கையில் இருந்தது என்பார் அப்பா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரக்குவண்டி:
மறுநாளே முடியாது. அங்கே ரயில்வேக்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டின் அனுமதி வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு, அறிவிப்பு தாக்கல் செய்தால் பொதுவாக 30 நாளில் அமலுக்கு வந்துவிடும். ஆண்டு வருமானம் 50 லட்சம் டாலரைத் தாண்டும் என்றால் 60 நாள் முன்பே ஊழியர்களுக்கும் சங்கத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 1980ல் ரயில்வே மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு சின்னக் கம்பெனிகள் நிறைய முளைத்தது இப்படித்தான்.

ஆனால் அனுமதி சுலபம், பொறுப்புதான் கனம். சரக்கு ஏற்றச் சொல்லி முறையாகக் கேட்பவரைத் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் என்று நினைத்த நேரத்தில் பாதையை மூடவும் முடியாது, அதற்கும் அதே போர்டு சம்மதிக்க வேண்டும். குத்தகை என்றால் போட வேண்டிய முதலீடு குறைவு, சரி, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சரக்கு வேகன்களை, பாதையைக் குத்தகை கொடுத்த ரயில்வேயிடம் ஒப்படைக்காமல் வேறு ரயில்வேக்குக் கொடுத்தால் பாதை வாடகை ஏறும் என்று சிலவற்றில் ஷரத்து இருக்கும். அப்போது பக்கத்தில் இன்னொரு ரயில்வே மலிவாக இழுக்கத் தயாராக இருந்தாலும் பயனில்லை.

கடலூர் ஓ.டி.க்காரன்:
அப்பா சொன்னது சரிதான். 1879ல் அந்த விழுப்புரம்-பாண்டிச்சேரி லைன் திறந்தபோது பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த துண்டு பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனியுடையது, வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. அதுவே 1874ல் கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து உருவானதுதான். மெட்ராஸ் ரயில்வே கதை இன்னும் பொருத்தம்: அரசு அதை வாங்கி, 1908 முதல் பெரும்பகுதியை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனியிடம் ஓட்டக் கொடுத்தது. பாதை ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர். 1944ல் சவுத் இந்தியனை அரசே எடுத்துக்கொண்டது, 1951ல் எல்லாம் தெற்கு ரயில்வே ஆயிற்று.

வில்லியனூர்வாசி:
ரொம்ப நன்றி. பாலம் பழுதானால் செலவு யாருடையது?

சரக்குவண்டி:
ஒப்பந்தம் சொல்கிறபடிதான். பழைய மரப்பாலம் இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே தனி இன்ஜினீயரை வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள், சின்னக் கம்பெனியின் பல வருட லாபத்தை ஒரே பாலம் தின்றுவிடும்.