ஊஞ்சல் பலகை வெளுத்துவிட்டது, ஞாயிறு கல்யாணம், அவசரம்!

அரசலாறு: நேற்று சாயங்காலம் பாலிஷ் அடித்தோம். காலையில் பார்த்தால் பலகை முழுக்க மோர் கொட்டிக் காய்ந்த மாதிரி வெள்ளை. துடைத்தாலும் போகவில்லை. என்ன செய்வது?

கொள்ளிடக்கரை: என்ன பாலிஷ்? பிரஷ்ஷா, ஸ்பிரேயா? எந்த ஊர்?

பூவரசு: மரம் பச்சை. காயாத தேக்கு ஈரம் கக்கும். பலகையை மாற்றுங்கள்.

அரசலாறு: கும்பகோணம். தாத்தா காலத்துப் பலகை சார், அறுபது வருடம் இருக்கும். ஸ்பிரேதான். டப்பாவில் லாக்கர் என்று போட்டிருக்கிறது.

பூவரசு: பழைய பலகையும் ஈரம் குடிக்கும்.

உளிச்சத்தம்: ஐப்பசி அடைமழை, அந்தி நேரம், லாக்கர் ஸ்பிரே. பேஷ்! வருடா வருடம் தீபாவளி முடிந்ததும் இதே கேள்வி. லாக்கரை இளக்கக் கலக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேல்பரப்பு சில்லிட்டுப் போகும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். மரத்தின் மேல் பழி போடாதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரா, மெலமைன் லாக்கரா? அதைச் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

தேங்காய்நார்: தேங்காயெண்ணெய் தடவுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்.

உளிச்சத்தம்: ஆகும். அப்புறம் அதன்மேல் எதுவும் ஒட்டாது.

கொள்ளிடக்கரை: பலகையின் அடிப்பக்கம் ஒரு மூலையில் தின்னர் நனைத்த பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் என்.சி. மழை விட்ட நாளில், 11 மணிக்கு மேல், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பனிபோல லேசாக ஒரு கை அடியுங்கள். லாக்கர் மறுபடி இளகி மெதுவாகக் காயும், உள்ளே மாட்டிய ஈரமும் வெளியேறும். பக்கத்தில் விளக்கு, அடுப்பு எதுவும் வேண்டாம். மெலமைன் என்றால் இளகாது. 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பலாமரம்: அந்தக் காலத்து அரக்கு பாலிஷில் இந்தத் தொல்லை உண்டா?

கொள்ளிடக்கரை: உண்டே. எங்கள் வீட்டு மேசையில் சுடச்சுடக் காபி டபரா வைத்த வெள்ளை வட்டம் இன்னும் இருக்கிறது. அது அரக்குதான்.

உளிச்சத்தம்: அரக்கு வேறு, லாக்கர் வேறு. அரக்கு பூச்சி தருவது, ஸ்பிரிட்டில் கரையும். என்.சி.க்குத் தின்னர் வேண்டும்.

பலாமரம்: லாக்கர் என்ற சொல்லே லாக்ஷாவிலிருந்து வந்ததுதான் ஐயா. லாக்ஷா என்றால் அரக்கு.

உளிச்சத்தம்: சொல் எங்கிருந்து வந்தது என்று தின்னருக்குத் தெரியாது.

பூவரசு: பலகை எடை பார்த்தீர்களா? ஈரமிருந்தால் கனக்கும்.

அரசலாறு: என்.சி.தான். நேற்று மதியம் ரெண்டு மணி நேரம் வெயில் வந்தது, ரிடார்டர் அடித்தேன். தெளிந்துவிட்டது. ஒரு ஓரம் மட்டும் அப்படியே. அங்கே ஜமுக்காளம் விரித்தாயிற்று. மாப்பிள்ளை வந்துவிட்டார், அப்புறம் வருகிறேன்.