தேயிலை மண்ணில் காப்பர் நஞ்சு: மண்புழுச் சோதனையில் கன்ட்ரோலே சாகிறது

கேள்வி (கோத்தகிரி):
கொப்புள நோய்க்குப் பல வருடமாகக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளித்த தோட்டத்து மண், பி.எச். (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6. 14 நாள் சோதனை, டப்பாவுக்கு 10 புழு, 4 டப்பா. தோட்ட மண்ணில் 40க்கு 11 செத்தது. கன்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்க) வைத்த, மருந்தே படாத சோலைக்காட்டு ஓரத்து மண்ணில் 9. சுண்ணாம்பு போட்டு பி.எச். 6 ஆக்கிவிட்டுத் திரும்பச் செய்யலாமா? அதே மண்ணில் செடி முளைக்கிறதா என்று பார்க்க பீட்ரூட், கேரட் விதை போதுமா?

பதில் 1:
கன்ட்ரோலில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சோதனை செல்லாது. முதலில் புழுவைப் பாருங்கள். சோதனைக்கு வேண்டிய இனமான ஐசீனியா ஃபெட்டிடா என்றால் உடம்பில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை தெரியும். மண்புழு உரக்காரர்கள் பல நேரம் தருவது யூட்ரிலஸ் என்ற வேறு இனம்: பெரிசு, ஊதா மினுமினுப்பு, மலைக் குளிரைத் தாங்காது. சோதனைக்கு 20 டிகிரி, கூடக்குறைய 2. ராத்திரியிலும் அது நிற்க வேண்டும். ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் வைத்த தெர்மாகோல் பெட்டி போதும். கழுத்துப்பட்டை வந்த (அதாவது வளர்ந்த) புழுவாக எடுங்கள், ஒவ்வொன்றும் 300 முதல் 600 மில்லிகிராம்.

சோலை மண் கன்ட்ரோலுக்கு ஆகாது. அதிலுள்ள மக்கிய இலைதழை காப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்ட மண்ணோடு ஒப்பிட முடியாது. (தோண்ட வனத்துறையும் விடாது.) அதே சரிவில் மருந்து படாத தரிசு மண்ணை எடுங்கள்.

பதில் 2:
சுண்ணாம்பை மட்டும் போட்டால் விடை கெட்டுப்போகும். பி.எச். ஏறினால் கரையும் காப்பர் குறையும். நஞ்சை நீங்களே அடக்கிவிடுகிறீர்கள். நாலு வகையாக வையுங்கள்: தோட்ட மண், தரிசு மண், இரண்டிலும் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புத் தூள்) போட்டது ஒவ்வொன்று. தரிசு மண்ணில் சுண்ணாம்பு போட்டதும் புழு தேறினால் குற்றவாளி புளிப்பு. சுண்ணாம்பு போட்ட இரண்டுக்குள்ளும் தோட்ட மண் பின்தங்கினால் காப்பர்மேல் சந்தேகம். பி.எச்.ஐ முதல் நாளும் கடைசி நாளும் அளந்துவிடுங்கள்.

அதோடு சாவை எண்ணுவதை விட்டுவிட்டு இனப்பெருக்கம் பாருங்கள். காப்பர் புழுவைக் கொல்லும் அளவுக்கு ரொம்ப முன்னாலேயே குஞ்சு குறையும். டப்பாவுக்கு உலர் எடையில் 500 கிராம் மண், ஈரம் நீர்ப்பிடிப்புத் திறனில் 40 முதல் 60 சதவீதம். 4 வாரத்தில் பெரிய புழுக்களை எடுத்துவிட்டு, 8 வாரத்தில் குஞ்சுகளை எண்ண வேண்டும். கன்ட்ரோலில் டப்பாவுக்கு 30 குஞ்சாவது வரணும். தீனிக்குச் சாணி: குடற்புழு மருந்து போட்ட மாட்டுச் சாணி வேண்டாம், அதுவே தனி நஞ்சு.

புது மண்ணில் காப்பரைக் கலந்து பார்த்தால் தோட்டத்தைவிடக் கடுமையாகத்தான் காட்டும். வருடக்கணக்கில் மண்ணோடு ஊறிய காப்பர் வேறு.

பதில் 3:
பீட்ரூட் வேண்டாம். நாம் விதை என்று போடுவது ஒரு கொத்து; ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், கணக்கே உதைக்கும். கேரட் சரி, ஆனால் மெதுவாக முளைக்கும். கூட முள்ளங்கியும், ஒருவித்திலைக்கு (ஒற்றை விதையிலையோடு முளைக்கும் வகைக்கு) வெங்காயமும் சேருங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய வண்ண விதையைத் தொடாதீர்கள். கன்ட்ரோலில் 70 சதவீதமாவது முளைக்கணும். கன்ட்ரோலில் பாதி முளைத்த நாளிலிருந்து 14 முதல் 21 நாள் பாருங்கள். தண்ணீர் அடித்தட்டில் ஊற்றுங்கள், மேலே ஊற்றினால் மருந்து கீழே இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
பொடிக் குஞ்சுகளை எப்படிச் சார் எண்ணுவது?

பதில் 2:
டப்பாவை 50–60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வையுங்கள். 20 நிமிடத்தில் சூடு தாங்காமல் மேலே ஏறி வரும், இடுக்கியால் எடுத்து எண்ணலாம். டப்பாவுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.