லினக்ஸ், மேக் கணினிகளுக்கு ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

வேம்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்று, விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால் லினக்ஸ் மின்டுக்கு மாற்றப்பட்ட பழைய மடிக்கணினி; என் மொழிபெயர்ப்பு வேலைகளையும் வங்கிக் கணக்கையும் அதில்தான் பார்க்கிறேன். மற்றொன்று, கல்லூரியில் படிக்கும் என் மகளின் மேக்புக் ஏர். அண்மையில் அவள் ஏதோ ஒரு தளத்தைத் திறந்தபோது, ‘உங்கள் மேக்கில் வைரஸ் உள்ளது, உடனே நீக்குங்கள்’ என்ற எச்சரிக்கை திரையை அடைத்துக்கொண்டு நின்றது. கடையில் விசாரித்தால், இரண்டுக்கும் ஆண்டுச் சந்தா கட்டி ஆன்டிவைரஸ் போட்டுவிடச் சொல்கிறார்கள். லினக்ஸ் நிறுவிக் கொடுத்த உறவினரோ, ‘இதில் வைரஸே வராது, காசைக் கரியாக்காதீர்கள்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கடலோரம்:

உங்கள் உறவினர் சொன்ன முடிவு சரி. அதற்கான காரணம் சரியில்லை. லினக்ஸுக்கான வைரஸ்கள் 1990களிலேயே எழுதப்பட்டுவிட்டன. 2016இல் இணையத்தைத் திணறடித்த மிராய் என்ற நச்சுநிரல், லினக்ஸ் ஓடும் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான் தன் படையைத் திரட்டியது. வீட்டு லினக்ஸ் கணினியில் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், நாம் மென்பொருளை ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து இறக்காமல் மின்ட் போன்ற வெளியீட்டாளர்களே டிஜிட்டல் கையொப்பமிட்டு வைத்திருக்கும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுப்பதும், மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்போர் குறைவு என்பதால் திருடர்களுக்கு அதில் பெரிய வருமானம் இல்லாததும்தான்.

‘நிர்வாகிக் கடவுச்சொல் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது’ என்று பலர் சொல்லும் ஆறுதலும் பாதிதான் உண்மை. கணினியைக் கெடுக்கத்தான் அந்தக் கடவுச்சொல் வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகளும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும், வங்கித் தளத்தில் நீங்கள் நுழைந்திருப்பதைக் குறித்துவைக்கும் குக்கீகளும் உங்கள் பயனர் கணக்கிலேயே இருப்பதால், உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் அவற்றை எடுத்துச் செல்லலாம்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றே போதும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு அலுவலகங்களில் பயன்படுகிறது. ஆய்வாளர்கள் டிரான்ஸ்பேரண்ட் டிரைப் என்று பெயரிட்டுள்ள உளவுக் குழு 2025இல் அதைக் குறிவைத்து அனுப்பிய அஞ்சல்களில் ஒரு ஜிப் கோப்பு இருந்தது. அதற்குள் பிடிஎஃப் போலத் தோன்றிய கோப்பு உண்மையில் ‘.டெஸ்க்டாப்’ என்று முடியும் குறுக்குவழி. அதைச் சொடுக்கியவருக்கு ஃபயர்பாக்ஸில் ஓர் ஆவணம் முறையாகத் திறந்தது. பின்னால் சத்தமில்லாமல் நச்சுநிரல் இறங்கி, கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி தன்னைப் பதிந்துகொண்டது. வாடிக்கையாளர்களிடமிருந்து ஜிப் கோப்புகளாகவே வேலையைப் பெறும் உங்களுக்கு, இது தொலைவில் நடந்த செய்தி அல்ல.

மின்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று அதன் இணையதளத்திற்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு (அவர்கள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகவே, அடுத்த முறை புதிதாக நிறுவும்போது செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கையொப்பத்தையும் சரிபார்க்கும்படி உறவினரிடம் சொல்லுங்கள். பலரும் சோம்பலால் விட்டுவிடும் வேலை அது. மற்றபடி, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும், சந்தா தேவையில்லை.

மாடிப்படி:

நான் மேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மகள் பார்த்த எச்சரிக்கை வெறும் வலைப்பக்கம். ஒரு வலைப்பக்கத்தால் கணினியை ஸ்கேன் செய்து வைரஸ் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. தாவலை மூடிவிட்டு, அந்தத் தளத்திற்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருந்தால் அதை நீக்கினால் போதும். இந்த ஏமாற்று புதியதும் அல்ல: 2011இல் மேக் டிஃபெண்டர் என்ற பெயரில் பரவிய நச்சுநிரலே ஒரு போலி ஆன்டிவைரஸ்தான். பயந்தவர்களிடம் கடன் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கியது அது.

மேக்கில் ஆன்டிவைரஸ் இல்லை என்பதும் தவறு. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து எக்ஸ்புரொடெக்ட் என்ற நச்சுநிரல் தடுப்பு உள்ளேயே இருக்கிறது; பிறகு, இறக்கிய செயலி நம்பகமானதா என்று பார்க்கும் கேட்கீப்பரும், மென்பொருளை ஆப்பிளிடம் முன்கூட்டியே சோதனைக்கு அனுப்பும் நடைமுறையும் சேர்ந்தன. இவற்றையும் மீறியவை உண்டு. 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற நச்சுநிரல் ஏறத்தாழ 6 லட்சம் மேக்குகளைப் பிடித்தது. அது நுழையப் பயன்படுத்திய, ஜாவா மென்பொருளிலிருந்த ஓட்டையை அதன் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியில் அடைத்தும், ஆப்பிள் தன் பயனர்களுக்கு ஏப்ரலில்தான் அந்தத் திருத்தத்தைக் கொடுத்தது.

இன்றைய ஆபத்து வேறு. 2023இல் தலைகாட்டிய அட்டாமிக் போன்ற திருட்டு நிரல்கள், வாடகைக்கு விடப்படும் சரக்கு. தேடல் முடிவுகளின் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி, ஏதோ ஒரு பிரபலமான செயலி என்று நம்பி இறக்குபவர்களிடம், வலது சொடுக்கில் திறக்கச் சொல்லிக் கேட்கீப்பரைத் தாண்டவைத்தார்கள். 2024இல் மேக்கின் செக்கோயா பதிப்பு அந்த வழியை அடைத்தது. ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய இந்த வரியை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒட்டுங்கள்’ என்பது அதற்குப் பிறகு அதிகமாகக் காணப்படும் தந்திரம். ஒட்டியவுடன், கணினியே கேட்பதுபோல் ஒரு பெட்டி தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் மேக்கின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினே திறந்தாகிவிட்டது. மனிதர்தானா என்று பார்க்க எந்த நேர்மையான இணையதளமும் டெர்மினலைத் திறக்கச் சொல்லாது என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள். ஐயம் இருந்தால், மேக் பாதுகாப்பு ஆய்வாளர் பேட்ரிக் வார்டில் இலவசமாகத் தரும் நாக்நாக் என்ற கருவி, கணினியில் தானாகத் தொடங்கும்படி பதிந்துள்ளவற்றை எல்லாம் காட்டிவிடும்.

சர்வர் அறை:

அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘தேவையே இல்லை’ என்பது வீட்டுக்குப் பொருந்தும். தணிக்கைக்கு உட்பட்ட அலுவலகத்தில் லினக்ஸுக்கும் பாதுகாப்பு முகவர் (கணினியைக் கண்காணிக்கும் மென்பொருள்) போட்டாக வேண்டும், அதில் நமக்கு விருப்பத்தேர்வு கிடையாது. அஞ்சல் சர்வர்களில் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் பல்லாண்டுகளாக ஓடுவதும் லினக்ஸைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அல்ல. அஞ்சலைப் பெறுபவர்களில் பெரும்பாலோர் விண்டோஸில் இருக்கிறார்கள். வேம்படி அவர்களும் அந்த அஞ்சல் சர்வரின் நிலையில்தான் இருக்கிறார். ஒருவர் அனுப்பிய வேர்ட் கோப்பிலிருக்கும் மேக்ரோ (ஆவணத்துக்குள் பதிந்த சிறு நிரல்) உங்கள் லிப்ரே ஆபிஸில் ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். அதையே திருத்தி மற்றொருவருக்கு அனுப்பும்போது அவருடைய கணினியில் அது வேலையைக் காட்டலாம்.

ஆனாலும், பழைய மடிக்கணினியில் கிளாம்ஏவியின் பின்னணிச் சேவையை நிரந்தரமாக ஓடவிடாதீர்கள். நச்சுநிரல் அடையாளங்களை ஏற்றி வைக்கவே அது ஒரு ஜிபிக்கு மேல் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஆன்டிவைரஸ் என்பது உயர்ந்த அதிகாரத்தோடு, வந்த கோப்பையெல்லாம் பிரித்துப் பார்க்கும் நிரல். அதிலேயே ஓட்டை இருந்தால் கதை கந்தல். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழுவிலிருந்த டாவிஸ் ஓர்மண்டி, 2016இல் சைமன்டெக், நார்ட்டன் மென்பொருள்களில் அத்தகைய ஓட்டையைக் காட்டினார். ஓர் அஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும், பயனர் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் அது கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்தையே தாக்குபவருக்குக் கொடுத்தது.

வேம்படி:

மூவருக்கும் மிக்க நன்றி. சந்தா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கப் பென் டிரைவில் கோப்புகளைக் கொடுத்து வாங்குகிறேன். திரும்பி வரும்போது, நான் போடாத கோப்புகளெல்லாம் அதில் இருக்கின்றன. மின்டில் செருகலாமா?

கடலோரம்:

தாராளமாகச் செருகலாம். அச்சகக் கணினியில் குறுக்குவழி வைரஸ் இருக்கிறது என்று தோன்றுகிறது. அது உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ‘.எல்என்கே’ கோப்புகளையும், கூடவே ‘ஆட்டோரன்’ என்ற ஒன்றையும் போட்டு வைக்கும். விண்டோஸில் மறைந்து கிடக்கும் கோப்புறைகள் மின்டில் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அந்தக் குறுக்குவழிகள் அங்கே இயங்கா. உங்கள் ஆவணங்களை மட்டும் எடுத்து, அவற்றின்மேல் ஒரு முறை கிளாம்ஏவியின் சோதனைக் கட்டளையான கிளாம்ஸ்கேனை ஓட்டிவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அச்சகக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இதே வேலைதான்.

விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டுவதற்காக உறவினர் வைன் நிறுவிக் கொடுத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. பென் டிரைவிலுள்ள ‘.எக்ஸி’ கோப்பை இருமுறை சொடுக்கினால் அது வைன் வழியாக ஓடக்கூடும். இயல்பான அமைப்பில் வைன் உங்கள் முழுக் கோப்பமைப்பையும் ‘இசட்’ டிரைவாக அந்த நிரலுக்குக் காட்டும் என்பதால், உங்கள் ஆவணங்கள் அதன் கைக்கு எட்டிவிடும். பயன்படுத்தவில்லை என்றால் வைனை நீக்கிவிடுங்கள்.