வாட்டர் பியூரிஃபையர்: எந்த ஊருக்கு எதை இறக்கலாம்?

வணக்கம் மக்களே. திருத்துறைப்பூண்டியில சின்னதா எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். பொங்கலுக்கு வாட்டர் பியூரிஃபையர் இறக்கலாம்னு யோசனை. யாருக்கு எதுன்னுதான் குழப்பம்.

வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டு போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்குறது) விட்டா 1,400 காட்டுது. டீக்குப் பால் ஊத்தினா திரியுதுன்னு அந்த அக்கா டம்ளரையே நீட்டிக் காட்டுனாங்க. அங்க உப்பையும் வடிகட்டுற ஆர்ஓ மெஷின் இல்லாம ஆகாது. மன்னார்குடியில பார்த்த வீட்ல 350தான். குடிதண்ணிக்கான பிஐஎஸ் (இந்திய அரசு) தரமே 500 வரைக்கும் ஏத்துக்குது, கிருமியை மட்டும் கொல்லுற யூவி போதும். ஆனா அவங்களுக்கும் ஆர்ஓதான் வேணுமாம், பாதிக்கு மேல தண்ணி வீணாப் போனாலும் பரவாயில்லையாம்! வாடகை வீட்டுக்காரங்க சுவத்துல ஓட்டை போட முடியாம கேனோடயே நிக்கிறாங்க.

உங்க வீட்ல எதைப் பார்த்து வாங்குனீங்க? விலையா, சர்வீஸா, ருசியா? ஃபில்டர் மாத்த வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது? ஊர்ப் பேரோட சொல்லுங்க.