அம்மாவின் நாடித்துடிப்பு 150இலிருந்து இறங்கவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 58 வயது, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மூன்று மாதமாக நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 150, படுத்திருந்தாலும் குறைவதில்லை. லயத்துப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. கழுத்து நரம்பு படபடப்பது அடுப்பு வெளிச்சத்திலேயே தெரிகிறது.

ஈ.சி.ஜி.யில் மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போல அலைகள்: ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற இதயத் துடிப்புக் கோளாறு. இதயத்தின் வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி மின் அலை நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறதாம். மேலறையிலிருந்து கீழறைக்கு அலையைக் கடத்தும் ஏ.வி. கணு பாதியைத் தடுப்பதால்தான் நாடித்துடிப்பு 150. அந்தக் கணு அவரைக் காத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரொலோல் மாத்திரை கொடுத்தும் பலனில்லை. மின்னதிர்ச்சி கொடுத்ததும் சீரானது, 19ஆம் நாள் திரும்பிவிட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் தொடர்கிறது, இரத்தப் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஹட்டன் பஸ்ஸில்தான் போகிறோம்.

வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய திசுவைக் கதீற்றர் என்ற மெல்லிய குழாயால் சுட்டால் சுழற்சி அறுந்துவிடும் என்றார் வைத்தியர். அதற்கான கடிதம் கையில் இருக்கிறது, திகதி கிடைக்கவில்லை.

அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களே, எங்கே செய்தீர்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்?