வேலிக்குள் பூ அதிகம், பொறியில் தேனீ குறைவு: மேய்ச்சல் நல்லதா, அளவீடு தவறா?

காட்டுவிதை (கேள்வி)

இலையுதிர் காட்டில் மாடும் மானும் மேய்கிற பகுதி. 10 × 10 மீட்டரில் ஆறு வேலியடைப்புகள், ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே அதே அளவில் வேலியில்லாத ஒப்பீட்டுப் பகுதி. வேலி போட்டு இது மூன்றாவது பூக்காலம். உள்ளே செடிகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன, பூக்கள் வெளியைவிட மூன்று மடங்கு இருக்கும். ஆனால் மஞ்சள், வெள்ளை, நீலக் கிண்ணப் பொறிகளைத் தரையில் வைத்தால், எல்லா இடத்திலும் வெளியில்தான் தேனீக்கள் கூடுதலாக விழுகின்றன. மேய்ச்சல் தேனீக்களுக்கு உதவுகிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா? இல்லை என்றால் எதை அளக்க வேண்டும்?

நீலக்கிண்ணம்

சொல்லக் கூடாது. கிண்ணப் பொறியின் பழைய நோய் இது. வண்ணக் கிண்ணம் தன்னைப் பூவாகக் காட்டித்தான் பூச்சியை இழுக்கிறது. சுற்றிலும் உண்மையான பூ நிறைய இருந்தால் அதற்குப் போட்டி அதிகம், விழுவது குறையும். மேய்ந்து மொட்டையான இடத்தில் கண்ணில் படும் ஒரே 'பூ' உங்கள் கிண்ணம்தான். ஆக, நீங்கள் அளப்பதில் பாதி தேனீயின் எண்ணிக்கை, பாதி பூவின் பஞ்சம். இரண்டையும் பிரிக்க முடியாது.

இரண்டாவது கோளாறு, கிண்ணம் தரையில் இருப்பது. வெளியில் அது திறந்து கிடக்கிறது. உள்ளே முழங்கால் உயரத் தழைக்கு அடியில் மறைந்துவிடுகிறது. குச்சியில் வளையம் கட்டி, அந்தந்த இடத்துப் பூக்களின் உயரத்துக்குக் கிண்ணத்தைத் தூக்குங்கள். கிண்ணங்களுக்கு இடையே 3 முதல் 5 மீட்டர் விடுங்கள். நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி போதும். மணம் இல்லாததாகப் பாருங்கள். இவ்வளவு செய்தாலும் கிண்ணத்தில் சிறிய வியர்வைத் தேனீக்கள் கூடுதலாகவும், பெரிய தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் குறைவாகவும்தான் விழும். இன வகைப் பட்டியலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஒப்பீட்டுக்கு நம்ப வேண்டாம்.

அதற்குப் பதில் நேரடியாக உட்கார்ந்து பாருங்கள். 1 சதுர மீட்டர் சட்டம் வையுங்கள், அதற்குள் திறந்திருக்கும் பூக்களை இனவாரியாக எண்ணுங்கள், பிறகு 15 நிமிடம். மகரந்தப்பையையோ சூல்முடியையோ தொட்ட வருகை மட்டும் கணக்கு. இலையில் வெயில் காயும் ஈ சேராது. வெயிலும் காற்றின்மையும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க, உள்ளும் வெளியும் மாறி மாறி ஒரே நாளில் முடித்துவிடுங்கள். சட்டம் ஒன்றுக்கு எத்தனை வருகை, பூ ஒன்றுக்கு எத்தனை வருகை என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உள்ளே முதலாவது கூடி இரண்டாவது குறைவது சகஜம். வரும் தேனீக்கள் மூன்று மடங்கு பூக்களில் பங்கிடப்படுகின்றன, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிறிய தனித்தேனீகூட இரைக்குச் சில நூறு மீட்டர் போகும், தேனீப்பெட்டித் தேனீக்கள் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். 10 மீட்டர் அடைப்பு அவற்றுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு, வீடு அல்ல. அதனால் எங்கே சாப்பிட விரும்புகின்றன என்றுதான் உங்கள் அடைப்புகள் காட்டும். காட்டில் தேனீக்கள் பெருகினவா குறைந்தனவா என்பதற்கு இந்த அளவில் விடை கிடைக்காது.

சூல்முடி

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் செடியின் பக்கமிருந்து கேட்டால் இன்னும் தெளிவான விடை கிடைக்கும்: விதை பிடிக்கிறதா? இரு பக்கமும் பூக்கிற ஒரு செடியினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் மகரந்தத்தில் விதை பிடிக்காத இனமாக இருந்தால் நல்லது. செடிகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டத்தை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவதற்கு மகரந்தம் கையால் தூவ வேண்டும்: 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மூன்று நான்கு செடிகளின் மகரந்தத்தைக் கலந்து, சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும்போது மெல்லிய தூரிகையால் தடவுங்கள். பக்கத்துச் செடி வேண்டாம், அது பெரும்பாலும் உடன்பிறப்பு. மூன்றாவது கூட்டத்துக்கு மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைப்பை, பூச்சி வராமலே விதை பிடிக்கிறதா என்று பார்க்க. பழமானதும் பூவுக்கு எத்தனை பழம், பழத்துக்கு எத்தனை விதை என்று எண்ணி, 1 − (இயல்பாக விட்டதன் விதை ÷ கையால் தூவியதன் விதை) என்று போடுங்கள். 0 பக்கம் வந்தால் மகரந்தத்துக்குக் குறையில்லை, 0.5 என்றால் பாதி விதை மகரந்தம் இல்லாமலே போயிற்று.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. ஒரே செடியில் ஒரு கிளைக்கு மட்டும் தூவினால், செடி மற்றக் கிளைகளின் சத்தை அந்தக் கிளைக்குத் திருப்பிவிடும், பற்றாக்குறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். தூவினால் செடி முழுவதும் தூவுங்கள். முடியாத அளவு பூ இருந்தால் சிறிய செடியாகத் தேர்ந்தெடுங்கள்.

வெளியில் குறியிட்ட செடிகளை மாடு விதைக்கு முன்பே தின்றுவிடும். பூ உதிர்ந்த பிறகு கம்பிக்கூடு கவிழ்த்துவிடலாம். பூக்கும்போதே காக்க வேண்டியிருந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே கூடு. பெரிய தேனீக்களைக் கம்பி தடுத்தாலும் அந்தத் தடை இரு பக்கமும் சமமாக இருக்கும்.

காட்டுவிதை

நன்றி, இருவருக்கும். அப்படி எண்ணும்போது வெளியே வருகை குறைவாக இருந்தால், அது பூ குறைவாக இருப்பதாலா, அல்லது மேய்ந்த செடியின் பூவே தரம் குறைந்துவிடுகிறதா? இன்னொன்று: வேலி போட்டால் எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கரட்டுமேடு

முதல் கேள்விக்கு: இரண்டும் உண்டு. நுனி கடிபட்ட செடி பக்கக்கிளை விட்டுத் தாமதமாகப் பூக்கும், பெரும்பாலும் பூ சிறிதாகவும் தாழ்வாகவும் வரும். எதிர்மாறாகவும் நடக்கும். வட அமெரிக்க மலைகளில் இபோமாப்சிஸ் அக்ரிகேட்டா என்ற சிவப்புப் பூச்செடியை மான்கள் கடித்தபோது, கடிபடாததைவிட இரு மடங்குக்கும் மேல் விதை வந்தது என்று பேஜ், விட்டம் இருவரும் 1987இல் வெளியிட்டார்கள். வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை, விவாதம் நீண்டது. ஆகவே 'கடித்தால் தழைக்கும்' என்பதை ஒரு செடிக்குச் சொல்லலாம், காட்டுக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. தேனீ இனங்களில் பெரும்பான்மை மண்ணில் துளையிட்டு வாழ்பவை. வெயில் படும் வெற்றுத்தரை வேண்டும். அடைப்புக்குள் சில ஆண்டுகளில் புல்லும் பெரணியும் சருகும் மூடிவிட்டால் அந்தத் தரை போய்விடும். மிதமான மேய்ச்சல் அதைத் திறந்து வைக்கும். அதே குளம்பு அளவு மீறினால் மண்ணை இறுக்கி, துளை வாயையும் உடைக்கும். காய்ந்த தண்டுக்குள் கூடு வைக்கும் இனங்களுக்கோ கணக்கே வேறு: இந்த ஆண்டுத் தண்டு அடுத்த ஆண்டுதான் கூடாகும். ஆண்டுதோறும் தண்டு கடிபட்டால் அவற்றுக்கு இடமே கிடையாது. தேனீக்களை மொத்தமாக எண்ணாமல் 'மண்', 'தண்டு' என்று பிரித்துப் பாருங்கள், பல முரண்பாடு அங்கேயே தீரும். வேலிக்கம்பம் மூங்கிலாக இருந்தால் வெட்டுமுனைகளை அடைத்துவிடுங்கள். தச்சுத்தேனீ குடியேறி உங்கள் 'உள்' கணக்கைக் கெடுக்கும்!

மேயும் விலங்கு எது என்பதும் முக்கியம். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும், அதனால் தரையோடு ஒட்டக் கடிக்க முடியாது, குட்டைச் செடிகள் தப்பும். செம்மறியாடு குறுகிய வாயால் பூவையும் மொட்டையும் பொறுக்கித் தின்னும். வெள்ளாடு புதரையும் விடாது. நீங்கள் மாடு, மான் இரண்டையும் ஒரே வேலியால் தடுத்திருக்கிறீர்கள், எது செய்த வேலை என்று தெரியாது. ஒரு மீட்டர் உயரத்தில் கம்பி வேலி போட்ட மூன்றாவது பகுதியைச் சேருங்கள்: மாடு நிற்கும், மான் தாண்டும். மானையும் தடுக்க 2.4 மீட்டர் வேண்டும்.

மாடுகளுக்குக் குடற்புழு மருந்தாக ஐவர்மெக்டின் போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள். சாணத்தில் தங்கி, அதில் வளரும் ஈ, வண்டுப் புழுக்களைக் கொல்லும். பூவுக்கு வரும் ஈக்களில் சிலவும் அதில் அடக்கம். அந்தக் குறை மேய்ச்சலின் குறை அல்ல.

பழையவேர்

காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று பூக்காலத்தில் உள்ளே தெரிவதில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வேரோடு பிழைத்திருந்தவை நிமிர்ந்ததுதான். வேரும் விதையும் தீர்ந்த இனம் வேலி போட்டதால் வராது. எறும்பு சுமந்து பரவும் விதை என்றால் ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்ந்தாலே அதிகம். டிரில்லியம் என்ற வட அமெரிக்கக் காட்டுப் பூச்செடி போன்றவை முளைத்துப் பல ஆண்டு கழித்துத்தான் முதல் பூ பூக்கும், மானும் அதையே தேடித் தின்னும். அதனால்தான் அதன் செடி உயரத்தையே மான் அழுத்தத்துக்கு அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் அன்டிகோஸ்டி தீவு. 1896 வாக்கில் 200 சொச்சம் வெண்வால் மான்கள் கொண்டுவிடப்பட்டன. மானை வேட்டையாடும் ஓநாய் இல்லை. பெர்ரிப் புதர்கள் கரைந்தன, அவற்றை நம்பியிருந்த கருங்கரடியும் தீவில் அற்றுப்போனது. நேர் எதிர்ப்பக்கம், ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலை நிறுத்தியதும் பாஸ்பாலம் புல் நீர்நிலைகளை அடைத்தது. அது சதுப்பு, காடல்ல. ஆனாலும் மேய்ச்சலை ஒரே நாளில் அறுப்பதும் ஒரு தலையீடுதான்.

மேய்ச்சல் உங்கள் கையில் இருந்தால் மாட்டை எண்ணுவதைவிட நாட்காட்டியைப் பாருங்கள். காட்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு ஆண்டும் ஒரு பங்கை மொட்டு விட்டதிலிருந்து விதை உதிரும் வரை மூடி வையுங்கள், பங்கு சுழலட்டும். உப்புக்கட்டியும் தண்ணீரும் அந்தப் பங்குக்கு அருகில் வேண்டாம், மந்தை அங்கேயே நின்று மிதிக்கும். உண்ணிச்செடி மாதிரி மாடு தொடாத புதர் இருந்தால் கையால் பிடுங்கியாக வேண்டும். மேய்ச்சல் அதன் போட்டியாளர்களைத்தான் தின்னும். அதன் பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்ப்பதைப் பார்த்து வருகைக் கணக்கில் மயங்காதீர்கள். இனவாரியாக எழுதச் சொன்னது அதற்கும்தான்.

கணக்குப் போடும்போது கிண்ணத்தையோ சட்டத்தையோ தனித்தனி மாதிரியாக எண்ண வேண்டாம். உங்களிடம் இருப்பது ஆறு ஜோடி, 60 கிண்ணம் வைத்தாலும் ஆறுதான். ஓரத்தில் ஒரு மீட்டரை விட்டுவிட்டு அளங்கள். வேலியில் உட்காரும் பறவைகள் எச்சத்தோடு விதை போடும் இடம் அது.